வீட்டுக்குள் யார் வந்து பார்த்தார்கள்?

பதிவு நீளம். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பிக்காதீர்கள்.

போன வாரம் பெங்களூரில் இருந்து ஒரு பழைய மாணவர் போன் செய்தார். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. "டீச்சர், அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் முடிஞ்சாச்சு. எனக்கு லீவு முடிஞ்சு போச்சு. மதுரையில ஒரு ஏஜென்சியில ஆள் அனுப்புறோம்னு சொல்றாங்க. சம்பளம் எவ்வளவு, சாப்பாடு யார் குடுக்கணும்னு பேசுனாங்க. வேற என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியல. நீங்க உங்க மாமியார பாத்தீங்கல்ல, சொல்லுங்க டீச்சர்."

பார்த்தேன். ஒழுங்காகப் பார்த்தேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவர் கேட்டதற்குப் போனிலேயே பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு ஒரு கேள்வி விடவில்லை. நம் ஊரில் ஒரு பட்டாசு ரூமுக்குள் எத்தனை பேர் உட்காரலாம் என்று சட்டம் இருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு மனுஷியை, முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருபத்துநாலு மணி நேரமும் விட்டுவிட்டுப் போகிறோமே, அதற்கு என்ன சட்டம் இருக்கிறது? இது எப்படி இப்படியே விடுபட்டுப் போனது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தேன்.

முதலில் நம் வீடுகள். 1922-ல் ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தத் தொழில் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் பெட்டி ஒட்டாத வீடு குறைவு. பசைக் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு அம்மா, சித்தி, பிள்ளைகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மூலையில் ஆச்சி. கண் தெரியாத ஆச்சிகூட விரலால் தடவிப் பார்த்துப் பெட்டி ஒட்டும். கூலி சொற்பம்தான். அதை நான் பெருமையாகச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் எந்நேரமும் ஆள் இருந்தது. ஆச்சி தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுக்க ஒரு கை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பசை கடன் கேட்டு வருவாள், வந்தவள் ஆச்சியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

பிறகு ஆபீஸ்கள் பெருகின. (வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) விடியும் முன்னே கம்பெனி பஸ் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வரும். வீட்டில் பகலில் மிஞ்சியது கைக்குழந்தையும் கிழடுகளும். குழந்தையை யார் பார்த்தார்கள் என்றால் கிழவி பார்த்தாள். கிழவியை யார் பார்த்தார்கள் என்றால், பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய பெண்பிள்ளை பார்த்தாள். என் வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே போட்ட சுழிகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. "ஏம்மா நேத்து வரல?" என்று கேட்டால் "ஆச்சிக்கு வயித்தால போகுது டீச்சர், நாந்தான் தொடச்சு விட்டேன்" என்பாள். வயது ஒன்பது. ஆபீஸுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி உலகமே பேசியது. 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. நல்ல தீர்ப்பு. வீட்டில் ஆச்சியைத் துடைத்துவிட்ட பிள்ளை மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இனி எழுதுவதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை.

1985. ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து நமக்குக் காமராஜர் மாவட்டம் என்று பெயர் வைத்த வருடம். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கிராமத்து ஓராசிரியர் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, "டீச்சர், நான் திங்கக்கிழமை வரமாட்டேன்" என்றான். ஏன்டா என்றேன். "நாளைக்கு எங்க தாத்தாவுக்கு எண்ண தேச்சு ஊத்துறாங்க. சொந்தக்காரவுக எல்லாம் வந்துருக்காக" என்றான். தாத்தா மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் தேய்த்து ஊற்றுவது என்றால் என்ன அர்த்தம் என்பதும் தெரியும், அல்லது தெரியாத மாதிரி வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை பையன் மொட்டைத் தலையோடு வந்தான். நான் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னேன்.

தலைக்கூத்தல் என்ற வார்த்தையை நம் மாவட்டத்தில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. விருதுநகர், அதை ஒட்டிய தென் மாவட்டங்களின் சில கிராமங்களில், எழுந்திருக்க முடியாத முதியவர்களைக் குடும்பமே முடித்துவைக்கும் பழக்கம் அது. 2010-ல் நம் மாவட்டத்தில் 80 வயதுப் பெரியவர் ஒருவர், தன் வீட்டிலேயே தனக்கு நாள் குறிப்பதைக் காதால் கேட்டுவிட்டு உறவினர் வீட்டுக்குத் தப்பி ஓடினார். அது செய்தியான பிறகுதான் வெளி உலகத்துக்கு இந்தச் சொல்லே தெரிந்தது. மாவட்ட நிர்வாகம் விசாரித்தது, பத்திரிகைகள் எழுதின. பிறகு சினிமாவும் வந்தது. 'பாரம்' தேசிய விருது வாங்கியது. 'கே.டி. என்கிற கருப்புதுரை'யில் அந்தப் பெரியவர் தப்பித்து ஓடி, ஒரு பையனோடு பிரியாணி தின்று திரிவார். தியேட்டரில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த மூன்றாம் வகுப்புப் பையன்தான் ஞாபகம் வந்தான்.

இதை வறுமை என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வறுமை உண்டு. ஆபீஸுக்கு ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும், உண்மை. ஆனால் நிலபுலன் உள்ள வீடுகளிலும் நடந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நடந்ததற்கு இன்னொரு காரணம், அதைக் கேட்க ஆள் இல்லாதது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. வீட்டில் சாவு நடந்தால் 21 நாளுக்குள் பதிய வேண்டும். தகவல் சொல்லும் கடமை யாருக்கு? குடும்பத் தலைவருக்கு. அதாவது பார்த்துக்கொள்ள வேண்டியவரும் அவரே, செத்த தகவல் சொல்பவரும் அவரே. 85 வயதுக் கிழவர் இறந்தால் "வயசாச்சு" என்பதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. நான் உட்பட.

வெளியாள் யாருமே வீட்டுக்குள் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒருவர் வந்தார், தபால்காரர். நம் மாவட்டத்துக்காரரான காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1962 ஏப்ரல் 1 முதல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தார்கள். பல வருடங்கள் அது மணியார்டரில்தான் வந்தது. மணியார்டர் என்றால் பணம் வாங்குகிறவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். கிழவி எழுந்து வர முடியாவிட்டால் தபால்காரர் உள்ளே போய், கட்டில் ஓரம் குனிந்து, கட்டை விரலில் மை தடவி வாங்க வேண்டும். எங்கள் தெருத் தபால்காரர் ஒருமுறை திண்ணையில் நின்று ஒரு மருமகளைச் சத்தம் போட்டது ஞாபகம் இருக்கிறது. "போன மாசம் நல்லா இருந்த மனுஷி, இந்த மாசம் எலும்பும் தோலுமா கிடக்கு. என்னத்த போடுறீக?" அவருக்கு அப்படிக் கேட்க எந்த அதிகாரமும் கிடையாது. ஆனாலும் கேட்டார். பின்னாளில் பணம் வங்கிக் கணக்குக்கு மாறியது. ஏமாற்று குறைந்தது, அது நல்லதுதான். இப்போது தொகை 1,200 ரூபாய். மாதம் ஒருமுறை கட்டில்வரை போன அந்தக் கண் மட்டும் போய்விட்டது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. கவனிக்கவும் இல்லை.

சட்டத்தின் கதை இன்னும் மெதுவானது. பெற்றோருக்கு ஜீவனாம்சம் கேட்கும் உரிமை 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவில் வந்தது. இப்போதைய புதிய சட்டத்தில் அது 144-ஆம் பிரிவு. கோர்ட், வக்கீல், வாய்தா என்று பெற்ற பிள்ளை மேல் கேஸ் போட எத்தனை தாய் போவாள்? அதனால்தான் 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் விதிகள் 2009-ல் வந்தன. கோர்ட்டுக்குப் போக வேண்டாம். கோட்ட அளவில் தீர்ப்பாயம். நம் ஊர்க்காரர்களுக்குச் சப்-கலெக்டர் ஆபீஸ். வக்கீல் கூடாது. எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போய் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்க உத்தரவிடலாம். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் ஜெயில் அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் சொத்தை எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால், 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். 'செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்துட்டேன், இனி என்ன செய்ய' என்று கண்ணீர் விடும் பெரியவர்கள் இந்தப் பதிவை வாசித்தால், கடைசி வரியைத் திரும்ப வாசியுங்கள்.

இந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இது பணத்தைப் பற்றியது, சொத்தைப் பற்றியது, முதியோர் இல்லத்தைப் பற்றியது. மகன் மாதாமாதம் ஒழுங்காகப் பணம் அனுப்புகிறான், அந்தப் பணத்தில் ஓர் ஆள் வேலைக்கு இருக்கிறாள், அந்த ஆள் அம்மாவை எப்படித் தூக்குகிறாள், எப்படி ஊட்டுகிறாள், கோபம் வந்தால் என்ன செய்கிறாள் என்பது இந்தச் சட்டத்தின் பார்வையில் படவில்லை. 2007-ல் அப்படி ஆள் அனுப்பும் தொழில் நம் பக்கம் கண்ணில் படும் அளவுக்கு வளரவில்லை என்பதும் உண்மை.

அது வளர்ந்தது நம் பிள்ளைகளால்தான். நாமே படிக்கவைத்தோம். சென்னை, பெங்களூர், துபாய், அமெரிக்கா. அச்சக முதலாளி வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள், இரண்டும் வெளியூரில். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் "ஹோம் நர்சிங்" என்று நோட்டீஸ் ஒட்ட ஆரம்பித்தார்கள். இந்தப் பெயரிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. நர்ஸ் என்று யார் சொல்லிக்கொள்ளலாம் என்பதற்கு நம் மாகாணத்தில் 1926-லேயே சட்டம் வந்துவிட்டது, மதராஸ் செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம். படிக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். ஆனால் "ஹோம் நர்ஸ்" என்று வரும் பிள்ளைகளில் பலர் நர்ஸே கிடையாது. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள். சிலர் அதுவும் இல்லை. தனியார் மருத்துவமனைகளுக்கு 1997-ல் தமிழ்நாடு ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் போட்டது. அதற்கான விதிகள் வெளிவந்தது 2018-ல். ஆஸ்பத்திரிக்கே 21 வருடம் ஆனதென்றால் வீட்டுக் கட்டிலுக்கு எப்போது வரும்!

இப்போது என் கதை.

2014-ல் என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல். எனக்கு ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. வீட்டுக்காரர் அச்சகத்தில் ஷிப்ட் வேலை. ஓர் ஏஜென்சி மூலம் ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது. பெயரை மாற்றி மாரி என்று வைத்துக்கொள்வோம். சுறுசுறுப்பு, சுத்தம், அத்தையிடம் பிரியமாகத்தான் பேசினாள். எனக்கு நிம்மதி. காலையில் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்பினால் சாயங்காலம் ஐந்துக்கு வருவேன். அத்தை முகத்தைப் பார்ப்பேன். தலை சீவி, பொட்டு வைத்து, பவுடர் போட்டு வைத்திருப்பாள். "சாப்பிட்டாங்களா?" என்பேன். "சாப்பிட்டாங்க டீச்சரம்மா." அவ்வளவுதான் என் மேற்பார்வை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரி ஊருக்குப் போயிருந்தாள். நான் அத்தையைக் குளிப்பாட்டத் திருப்பினேன். நடு முதுகுக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். உள்ளே குழி. இடது கை மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடம். அந்தக் கைதான் அத்தைக்கு அசைகிற கை.

மாரி வந்ததும் சத்தம் போட்டேன். நான் வகுப்பறையில்கூட அப்படிக் கத்தியதில்லை. அவள் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். "கையக் கட்டலேன்னா யூரின் டியூப பிடுங்கிருவாங்க டீச்சரம்மா. ரெண்டு தடவ பிடுங்கி ரத்தம் வந்துருச்சு. சேலத் துணியிலதான் கட்டுனேன், கயிறு இல்ல. திருப்பிப் படுக்க வைக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. நான் தனியா தூக்கவும் முடியல." இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டேன். பட்டாசு ஆபீஸில் திரி வெட்டினாளாம். ஏஜென்சியில் ஒரே ஒரு நாள் பயிற்சி, பிரஷர் பார்க்கிற மிஷினைக் காட்டினார்களாம். பிறகு அவள் சொன்னதுதான் இத்தனை வருடமாக என் காதில் நிற்கிறது. "அங்கயாச்சும் போர்மேன் வந்து வந்து பாப்பாரு. ரூமுக்குள்ள நாலு பேருக்கு மேல இருந்தா திட்டுவாரு. இங்க யாருமே வந்து பாக்கல டீச்சரம்மா."

பட்டாசு ஆபீஸ் எவ்வளவு ஆபத்தான இடம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம், முதலிப்பட்டி விபத்து. அன்றைக்கு ஊரே ஆம்புலன்ஸ் சத்தத்தில் இருந்தது. விதிகளை மீறுவதால்தான் சாவுகள் நடக்கின்றன. ஆனால் மீறுவதற்காவது அங்கே விதி இருக்கிறது. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று நம் ஊர்ப் பிள்ளைகள்கூடச் சொல்லும். ரூமுக்கும் ரூமுக்கும் இத்தனை மீட்டர் இடைவெளி, தரையில் ரப்பர் விரிப்பு, எல்லாம் எழுதி இருக்கிறது. விபத்து நடந்தால் "எந்த விதியை மீறினான்?" என்று கேட்க முடிகிறது. என் வீட்டில் நடந்ததற்கு அப்படிக் கேட்க எதுவுமே இல்லை. மாரி எந்த விதியையும் மீறவில்லை. ஏஜென்சிக்காரரும் மீறவில்லை. நானும் மீறவில்லை.

அன்று இரவு மாரி இன்னொன்றும் சொன்னாள். இதற்கு முந்தைய வீட்டில் வயதான ஆண் ஒருவரைப் பார்த்துக்கொண்டாளாம். அந்த வீட்டு மகன் ராத்திரியில் அவள் படுக்கும் இடத்துக்கு வந்து நின்றிருக்கிறான். ஏஜென்சியில் சொன்னதற்கு "அனுசரிச்சுப் போ" என்றார்களாம். வீட்டுப் பாதுகாப்பு என்று பேசும்போது நாம் கட்டிலில் படுத்திருப்பவரை மட்டும் நினைக்கிறோம், பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவளை நினைப்பதில்லை. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். வீட்டு வேலை செய்யும் பெண் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். மாரிக்கு அது தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. வாத்தியார் என்று பெயர்.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 1975-லேயே பர்ஸ்டன் என்ற மருத்துவர், வீட்டில் பாட்டிகள் அடிபடுகிறார்கள் என்று மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது 2000-ல். அங்கேயும் கால் நூற்றாண்டு. இன்று அங்கே ஆணையம் ஒன்று நேரில் ஆய்வு செய்து, நல்லது, போதாது என்று மதிப்பெண் போட்டு ஊரறிய வெளியிடுகிறது. வேலைக்கு வருபவர் மேல் பழைய வழக்கு உண்டா என்று பார்க்காமல் அனுப்ப முடியாது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? 2011-ல் அவர்களுடைய மனித உரிமை ஆணையமே விசாரித்து, முதியவர்களைச் சாப்பாடு தண்ணீர் கொடுக்காமல், அழுக்குத் துணியோடு விட்டுப்போன சம்பவங்களைப் பட்டியல் போட்டது. சீமையில் எல்லாம் சரி என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொன்னேன்.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 2019 டிசம்பரில் 2007 சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார்கள். அதில்தான் முதன்முதலாக வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் என்ற சொல் வந்தது. அந்த நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற, போலீஸ் சரிபார்த்த ஆட்களைத்தான் அனுப்ப வேண்டும். குறைந்தபட்சத் தரம் என்ன என்று அரசு வகுக்க வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் முதியோருக்கென ஓர் அதிகாரி. 10,000 ரூபாய் உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். மசோதா நிலைக்குழுவுக்குப் போனது. குழு 2021 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. பிறகு மூன்று வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. 2024-ல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதி ஆகிவிட்டது. நான் அதை வெட்டி ஒட்டி ஒரு நோட்டில் வைத்திருந்தேன். இன்னும் இருக்கிறது.

இதற்கிடையில், சட்டத்துக்குக் காத்திராமல் கண்கள் வீட்டுக்குள் போன இடங்களும் உண்டு. கேரளத்தில் 2008-ல் அரசே நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு கொள்கை வகுத்தது, இந்தியாவில் அதுதான் முதல். பஞ்சாயத்து மூலமாக ஒரு நர்ஸும் ஊர்த் தன்னார்வலர்களும் வீடு தேடிப் போகிறார்கள். படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள், வீட்டாருக்கும் சொல்லித் தருகிறார்கள். நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதே வழியில் வந்ததுதான். பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலர் அக்கா, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வரும் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட். குறைகள் உண்டு. இந்த மாதம் மாத்திரை வரவில்லை என்று நானே சண்டை போட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த அக்கா வாசலில் நின்று "பாட்டி எங்க?" என்று கேட்கும்போது எனக்கு அந்தத் தபால்காரர் ஞாபகம்தான் வருகிறது.

அத்தை 2016-ல் இறந்தார். புண் ஆறிய பிறகுதான் இறந்தார். அதில் எனக்கு ஓர் ஆறுதல். ஆற வைத்ததும் மாரிதான். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. இடைவெளியில் தலையணை கொடுப்பது. தலையை உயர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்டுவது, ஊட்டிய உடனே படுக்க வைக்காமல் அரை மணி நேரம் விடுவது. கையைக் கட்டாமல், கையில் பிடித்துக்கொள்ள ஒரு துணிப்பந்தைக் கொடுப்பது. பள்ளிக்கூடத்தில் மீந்த பதிவேடு ஒன்றில் கோடு போட்டுக் கொடுத்தேன். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம், என்ன சாப்பிட்டார், மாத்திரை கொடுத்தாச்சா என்று மாரி எழுதுவாள். கையெழுத்து அழகாக இருக்கும். சாயங்காலம் வந்து நான் கையெழுத்துப் போடுவேன். அப்படியே சேலையை விலக்கி முதுகையும் பார்ப்பேன். நான்கு மாதத்தில் புண் மூடியது.

ஆகவே என் மாணவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். வரும் ஆளின் ஆதார் நகலும் சொந்த ஊர் விலாசமும் வாங்குங்கள். போலீஸ் சரிபார்ப்புச் சான்று இருக்கிறதா என்று ஏஜென்சியில் கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றால் பேப்பரைக் காட்டச் சொல்லுங்கள். பயிற்சி எத்தனை நாள், யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். முதல் மூன்று நாள் வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருங்கள். அந்தப் பெண்ணுக்குத் தாழ்ப்பாள் உள்ள இடம், வாரம் ஒரு நாள் லீவு, நாம் சாப்பிடும் அதே சாப்பாடு. தூங்காத மனுஷிக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? மருந்துப் பெட்டியில் தூக்க மாத்திரையை எண்ணி வையுங்கள். முதியோர் உதவி எண் 14567, பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறையாவது வீட்டு ஆள் இல்லாத, ஏஜென்சி ஆள் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் போய்ப் பார்க்கட்டும். சும்மா முகத்தைப் பார்த்துவிட்டு வரக்கூடாது. முதுகைப் பார்க்க வேண்டும், குதிகாலைப் பார்க்க வேண்டும்.

அவர் எல்லாம் குறித்துக்கொண்டார். பிறகு, "கேமரா ஒண்ணு மாட்டிரலாம்னு இருக்கேன் டீச்சர், போன்லயே பாத்துக்கலாம்" என்றார். மாட்டு, ஆனால் துணி மாற்றும்போது அணைக்க வழி வை, அது உன் அம்மாவின் உடம்பு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஆமா, அம்மா என்ன சொல்றாங்க? ஆள் வச்சுக்க அவங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

"அவங்ககிட்ட இன்னும் கேக்கல டீச்சர்" என்றார்.

இன்று கேட்டுவிட்டாராம். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார், வரும் பெண்ணுக்கு மிளகாய் வற்றல் போட்டுத் துவையல் அரைக்கத் தெரிந்திருக்க வேண்டுமாம். திங்கட்கிழமை ஆள் வருகிறது. அந்த அம்மா வீடு திருத்தங்கலில்தான். சனிக்கிழமை பஸ் ஏறலாம் என்று இருக்கிறேன்.